பனியில் நான் எண்ணிய இருநூறு பேர்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிடக் கூடாதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் எங்கள் ஊராட்சித் தலைவி பிரோஷ்கா அம்மையார் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, என் பாவங்கள் அனைத்தையும் ஏற்கெனவே பாவமன்னிப்புக் கூண்டில் கேட்டு முடித்துவிட்டதால் நிம்மதியாகச் சாய்ந்திருக்கும் தந்தை வெந்தெல் அவர்களே! முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்களை அக்கரையில் சேர்த்து, முழங்கால் ஓய்ந்த பிறகே துடுப்பை ஓய்வெடுக்க விட்ட பெரியவர் ஆதம் அவர்களே! விடியலில் எழுந்து ஆப்ரிகாட் பழ ஜாம் வைத்துப் பன் பொரித்து, அதன் வாசனையால் என் பேச்சைத் தோற்கடிக்கக் காத்திருக்கும் தாய்மார்களே! ஆட்டுத்தோல் அங்கியும் கொம்பு வைத்த முகமூடியுமாய்க் கூட்டத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் இளங்காளைகளே, காளையரை மிஞ்சிய கன்னியரே! செலெஷ்ரேவ் ஊரின் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும், ஊராட்சியின் தண்ணீர்க்குழாய்க்காரன் அந்துன் பொல்யாக்கின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்ததற்குக் காரணம் பணிவு மட்டுமல்ல. நான் இந்த மேடையின் முதல் படியில் கால் வைத்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து "ஊ...ஊ...ஊ..." என்று ஊளையிட்டார்களே, கேட்டீர்கள் அல்லவா? அந்த அதிர்ச்சியில் இரண்டாம் படி தவறி, இந்த ஒலிபெருக்கிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் உங்கள் முன் நிமிர்ந்தேன். மனைவியைக்கூடப் பொது இடத்தில் நான் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. மாண்டா, சிரிக்காதே, வீட்டில் பேசிக்கொள்வோம்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஓராண்டாக இந்த ஊரில் எனக்கு அந்துன் மாமா என்ற பெயர் போய், "சங்கு மாமா" என்ற பெயர் வந்துவிட்டது. சந்தைக்குப் போனால் ஊ. கோவிலுக்குப் போனால் ஊ. போன மாதம் பல் பிடுங்கப் போனேன். பல் மருத்துவர் படித்த பெண்மணி. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல, மிக மெல்ல, ஊ.

ஏன் இந்தப் பெயர்? உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஆண்டு திருவிழாவுக்கு வெளியூர் விருந்தினர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று நம் பரிசல்துறைப் படகு மீண்டும் ஓடத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. அந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் பலர் இருக்கலாம். அந்தக் கதையில் என்னைவிட அசடு வழிந்தவர் ஒருவரும் இல்லை.

பெரியவர் ஆதமின் முழங்கால் ஓய்ந்தது. படகு கரையேறியது. அக்கரை நகரத்துக்குப் போகப் பாலம் எங்கே இருக்கிறது? நாற்பத்தெட்டு கிலோமீட்டர் கீழே! என் மகள் லூட்சா அக்கரை மருத்துவமனையில் செவிலி. படகில் பன்னிரண்டு நிமிடம் போனவள், விடியுமுன் எழுந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் போக நேர்ந்தது. ஊராட்சி மூன்று முறை விளம்பரம் செய்தது, "உரிமம் பெற்ற படகோட்டி தேவை" என்று. முதல் முறை யாரும் வரவில்லை. இரண்டாம் முறை ஒருவர் வந்து, தண்ணீர் கண்டால் தலைசுற்றும் என்றார். மூன்றாம் முறை ஷஃபிகுல் வந்தான்.

வங்கதேசத்துக்காரன். நான்கு ஆண்டுகள் நம் மாவட்டக் கோழிப்பண்ணையில் உழைத்தவன். அங்கே ஆற்றோரம் பிறந்து, நடை பழகும் முன் துடுப்புப் பழகியவன். இங்கே முறைப்படி தேர்வெழுதி, ஆற்று உரிமம் வாங்கிக் கையில் வைத்திருந்தான். ஊராட்சியில் நாங்கள் ஒன்பது பேர். நான்கு பேர் "சேர்த்துக்கொள்வோம்" என்றார்கள். நான்கு பேர் "கூடாது" என்றார்கள். ஒன்பதாவது ஓட்டு யாருடையது?

ஆம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட இந்த அந்துனுடையது!

அன்றிலிருந்து என் நடை மாறியது, உடை மாறியது, குரல் மாறியது. முடிதிருத்தும் கடையில் கெலெமென் என் கழுத்தில் துணி கட்டியவுடன் நான் சொற்பொழிவைத் தொடங்கிவிடுவேன். "இன்று ஒருவன் வருவான், நாளை பத்துப் பேர் வருவார்கள், மறுநாள் இருபது பேர் வருவார்கள்! ஆற்றைக் கடந்து வருவார்கள்! அணை உடைந்தாற்போல் வருவார்கள்!" தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் அப்படித்தான் பேசினார்கள். எனக்குக் கழுத்துப்பட்டை இல்லை, கெலெமெனின் துணி இருந்தது.

அந்த இருபது எப்படி இருநூறு ஆனது? நான் கெலெமெனிடம் "ஒரு இருபது பேராவது கிளம்பியிருப்பார்கள்" என்றேன். கெலெமென் அஞ்சல்கார அம்மா இலுஷிடம் "எண்பது" என்றான். என்ன கெலெமென், கையை ஆட்டுகிறாய்? அறுபதா? சரி, அறுபது என்றான். இலுஷ் அதைத் தெருத்தெருவாக விநியோகித்தார். கடிதங்கள் நனைந்தாலும் செய்தி நனையவில்லை. ஒரு வாரத்தில் என் வீட்டு வாசலுக்கே வந்து, "தெரியுமா அந்துன், இருநூறு பேராம், பக்கத்து ஊரிலேயே பார்த்தார்களாம்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். நான் மாண்டாவைக் கூப்பிட்டேன். "பார்த்தாயா? நான் சொன்னபோது நம்பினாயா? இப்போது அஞ்சல் துறையே சொல்கிறது!" என்றேன்.

பெரியோர்களே! நானே விட்ட காற்றாடி ஊரைச் சுற்றி என் கூரைமேல் வந்து விழுந்தது. அதை வானத்திலிருந்து வந்த செய்தி என்று நம்பினேன்.

சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்க இதுவரைக்கும் நேர்ல பார்த்த வெளிநாட்டுக்காரங்க எத்தனை பேரு?"

"அது வந்து... ஒரு ஜெர்மன்காரர். கழிப்பறைக் குழாய் அடைச்சுக்கிச்சுன்னு கூப்பிட்டாரு."

"ஷஃபிகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?"

"அவன்கிட்ட என்னம்மா பேசறது? பேசினா அப்புறம் எப்படி எதிர்த்து ஓட்டுப் போடறது?"

"அப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. படகு ஓடலேன்னா நான் அக்கரையிலயே ரூம் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து உங்களப் பாத்துட்டுப் போறேன், விருந்தாளி மாதிரி."

மாண்டா சூப்புக் கரண்டியை என் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "கேட்டுச்சா? வர்ற இருநூறு பேரைத் தடுக்கறேன்னு, இருக்கற ஒருத்திய ஊரவிட்டு அனுப்பப் போறீரு."

உனக்கு வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை, அந்துன்! அந்தப் பிள்ளையின் பேச்சு காதில் விழுந்ததா? விழவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நானும் வீம்புக்கு நிறுத்தினேன். ஆற்றங்கரைக்குக் காவல் போனேன்!

ஆம், "கரைக் காவல் படை" ஒன்று கண்டேன். முதல் நாள் ஆறு பேர். இரண்டாம் நாள் உறைபனி, மூன்று பேர். ஒரு வாரத்தில் படை என்பது நானும் என் தேநீர்க் குடுவையும்தான். கழுத்தில் தொலைநோக்கி. இடுப்பில் சாவி. என்ன சாவி? வெள்ளம் வந்தால் ஊரை எழுப்பக் கரைமேல் ஓர் அபாயச் சங்கு இருக்கிறதே, அந்தப் பெட்டியின் சாவி. தண்ணீர்க்குழாய்க்காரன் என்பதால் அது என்னிடம்.

வந்தது வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்கு ஓட்டெடுப்பு. காலை ஒன்பதரை மணி. டான்யூப் ஆற்றின்மேல் பனி, தயிரைக் கொட்டிப் பரப்பியதுபோல். நீட்டிய கை தெரியவில்லை. அப்போது கேட்டது. சளக்... சளக்... துடுப்புச் சத்தம்! பேச்சில்லை, பாட்டில்லை. பனிக்குள் கருத்த உருவங்கள். மயிரடர்ந்த தோள்கள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது... எண்ணினேன் என்றா நினைக்கிறீர்கள்? மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. இருநூறு! சாவியைத் திருகினேன். கைப்பிடியை இழுத்தேன்.

ஊஊஊஊ!

சபாஷ் பிள்ளைகளே, சரியான இடத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள்.

விருந்தினர்களே, இந்த ஊரின் வழக்கத்தைக் கேட்டீர்களானால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் முன்னோர் அந்நியப் படைக்கு அஞ்சி ஆற்றுத் தீவில் ஒளிந்தார்கள். மரத்தில் கோர முகம் செதுக்கி, ஆட்டுத்தோல் போர்த்தி, படகேறி வந்து, எதிரியைப் பயமுறுத்தி விரட்டினார்கள். அப்படித்தான் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அதை நினைத்து ஆண்டுதோறும் குளிர்காலத்தின் முடிவில் அதே கோலத்தில் படகில் வந்து இறங்குகிறோம். கரை தொடும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நானே இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படி வந்திருக்கிறேன்! எங்கள் வீட்டு முகமூடிகூட அடுக்களைக் கதவுக்கு மேலே தொங்குகிறது. அதன் இடக் கொம்பு உடைந்தபோது நான்தான் செப்புக் கம்பியால் கட்டினேன். குழாய் கட்டுகிறவன் கொம்பு கட்டினால் எப்படி இருக்கும்? கொம்பைவிடக் கம்பி பெரிது. தூரத்தில் போகிறவனுக்கும் "இது அந்துன் வீட்டு முகமூடி" என்று தெரியும்.

அன்று வந்தவர்கள் நம் பிள்ளைகள். சனிக்கிழமை நடக்கவேண்டிய ஒத்திகை, காற்று வரும் என்று வியாழனுக்கு மாறியிருந்தது. என்னிடம் யார் சொல்வார்கள்? சொல்லக்கூடிய ஒருத்தி என்னோடு பேசவில்லை.

இங்கே கரையில் என்ன நடந்தது? கெலெமென் பாதி முகம் மழித்த வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு கோவில் மேட்டுக்கு ஓடினான். இலுஷ் அஞ்சல் பையை எறிந்துவிட்டு ஓடினார். மாண்டா கொதிக்கிற அவரைச் சூப்பை மண்பானையோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். உலகம் அழிந்தாலும் மதியம் பசிக்கும் என்பது அவள் தத்துவம். தந்தை வெந்தெல் கோவில் கதவைத் திறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் செலெஷ்ரேவ் காலி!

அங்கே ஆற்றில் என்ன நடந்தது? இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. சங்கு கேட்டதும், ஆற்றின் மேல்பக்கம் பனிக்கட்டி உடைந்து வெள்ளம் வருகிறது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பனிக்குள் அந்தச் சத்தம் நான்கு திசையிலிருந்தும் வரும். கரை எந்தப் பக்கம்? தெரியவில்லை. துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. நீரோட்டம் படகுகளை இழுத்தது. கீழே முந்நூறு மீட்டரில் கருங்கல் தடுப்புச் சுவர். ஆட்டுத்தோல் அங்கி ஒருமுறை நனைந்தால் ஒரு கன்றுக்குட்டியின் கனம். விதியை மறந்து கத்தினார்கள். "யாராவது இருக்கீங்களா? கரை எங்கே?" பதில் சொல்ல யார் இருந்தார்கள்? ஊரைக் காக்கிறேன் என்று கிளம்பியவன், ஊரின் பிள்ளைகள் கூப்பிட்டபோது கரையில் ஓர் ஆள்கூட இல்லாமல் செய்திருந்தான்.

அப்போது ஒரு மணி.

டாண். டாண். டாண்.

பரிசல்துறைப் பழைய மணி. ஊராட்சி என்ன முடிவு செய்யுமோ என்று காலையிலேயே வந்து படகுக் குடிசையில் உட்கார்ந்திருந்தான் ஷஃபி. எல்லோரும் ஓடுவதைப் பார்த்தான். ஏன் என்று புரியவில்லை. ஆற்றிலிருந்து குரல் வந்தது. என்ன மொழி என்று அவன் கேட்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பனி, படகு, குரல். படகோட்டிக்கு அவ்வளவு போதும். மணியை அடித்துக்கொண்டே இருந்தான், தோள் இற்றுப்போகும்வரை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாக வந்து கரை முட்டியது. கயிறு வீசி இழுத்துக் கட்டினான்.

அவன் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்! ஊரே ஓடிவிட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு கொம்பும் கோரைப்பல்லும் மயிரும் கொண்ட உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனை நோக்கி வருகின்றன. பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பயமா இல்லையாடா உனக்கு?"

"இல்லாம என்ன மாமா? 'வர்றாங்க, வர்றாங்க'ன்னு இந்த ஊர்க்காரங்க தெனமும் பேசிக்கிட்டாங்கல்ல? ஓஹோ, இவங்களத்தான் சொல்லியிருக்காங்கபோலன்னு நெனச்சேன். நியாயமாத்தான் பயந்திருக்காங்கன்னு தோணிச்சு."

"அப்புறம் ஏண்டா கயிறு வீசின?"

"படகுல வந்துட்டாங்களே மாமா. எறக்கிவிட்டுட்டுத்தானே பயப்படணும்?"

எறக்கிவிட்டுட்டுத்தானே பயப்படணும்! என் வாழ்நாளில் எந்த மேடையிலும் நான் இப்படியொரு வாசகத்தைக் கேட்டதில்லை.

அந்த வேளையில் உங்கள் கரைக் காவல் படைத் தளபதி எங்கே இருந்தார்? பம்புக் கொட்டகையில், உள்ளே தாழிட்டு, பெரிய குழாய்க்குப் பின்னால் குந்தியிருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தேன். எங்கள் வீட்டு முகமூடியைக் கக்கத்தில் இடுக்கி, இடுப்புவரை நனைந்து, உதடு நீலம் பாய்ந்து நின்றாள் என் மகள்.

"எத்தன பேர எண்ணுனீங்கப்பா?"

"...இருநூறு."

"பதினாறு பேரு. அதுல ஒருத்தி நான்."

"ஒண்ணும் தெரியலம்மா. ஒரே பனி."

என் தேநீர்க் குடுவையை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு, "வாங்க, அம்மா சூப்பத் தூக்கிக்கிட்டு மேட்டுல நிக்குறா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

மாலை நான்கு மணிக்கு ஊராட்சி கூடியது. என் முறை வந்தது. மாதக்கணக்கில் மணிக்கணக்காகப் பேசியவன், "சேர்த்துக்கொள்வோம்" என்று ஒரே சொல்லில் முடித்து உட்கார்ந்தேன். தலைவி அம்மையார் குறிப்பேட்டில் எழுதியது: "அந்துன் பொல்யாக் வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பேசினார்."

படகு ஓடுகிறது. லூட்சா வீட்டில்தான் இருக்கிறாள், என் குறட்டையைப் பற்றிய புகாரோடு. ஷஃபி நம் மீன் சூப்பில் காரம் போதாது என்று ஊரையே அவமானப்படுத்தி, தன் பங்குக்குத் தனியாக மிளகாய் வைத்திருக்கிறான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான். ஷஃபி, தலையை ஆட்டாதே, ஸ்பேடு ராஜா உன் சட்டைக்கையிலிருந்து விழுந்ததை நான் பார்த்தேன்! போன கோடையில் தலைநகரத்தார் வார இறுதிக்குக் கார் கொண்டுவந்து துறையில் நிறுத்தினார்கள். இவன் என்னைத் தனியே அழைத்துப்போய் என்ன சொன்னான் தெரியுமா? "யார் யாரோ வர ஆரம்பிச்சிட்டாங்க மாமா. நம்ம ஊரு முன்ன மாதிரி இல்ல."

அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், இவன் செலெஷ்ரேவ்காரன்தான் என்று!

அன்பிற்குரியோரே! கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், எந்த விதிப்படி வரலாம்? பேசவேண்டிய பேச்சுத்தான். உட்கார்ந்து பேசுவோம், விளக்கைப் போட்டுப் பேசுவோம், கணக்கை வைத்துப் பேசுவோம். சங்கை ஊதிவிட்டு யாரால் பேச முடியும்? சங்கு ஊதினால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. ஓடுவது!

நம்மைப்போல் முகமூடி அணிந்து பழகியவர் யார் இருக்கிறார்கள்? அதன் கண்துளை எவ்வளவு சிறிது என்று நமக்குத் தெரியாதா? பார்க்கிறவனுக்குப் பயம். போட்டவனுக்கோ பாதை தெரியாது. பக்கத்தில் நடப்பது தம்பியா, தூணா என்று தெரியாது. திருவிழாவுக்கு ஆறு நாள் அதைப் போட்டுக்கொள்வோம். ஆண்டு முழுவதும் போட்டுக்கொண்டு அரசியல் பேசலாமா?

வருகிற ஞாயிறன்று இதே மண்டபத்தில், இதே மேடையில், மாவட்டத்திலிருந்து ஒருவர் பேச வருகிறார். ஊர் எல்லையில் ஒட்டியிருக்கிறார்கள், "வருகிறார்கள்! விழித்தெழு!" என்று. வரட்டும். நாற்காலி போடுவோம். பன் கொடுப்போம். பேசவிடுவோம். ஆயிரம் பேர் என்பார். கேளுங்கள்: எண்ணினாயா? பத்தாயிரம் என்பார். கேளுங்கள்: எண்ணினாயா? ஊரையே விழுங்கிவிடுவார்கள் என்பார். ஒருவரிடமாவது உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தாயா என்று கேளுங்கள்! ஆற்றிலிருந்து குரல் வரும்போது சங்கு ஊதுவாயா, மணி அடிப்பாயா என்று கேளுங்கள்! நம் பதினாறு பிள்ளைகளைக் கரைசேர்த்தது எந்தச் சத்தம் என்று இந்த ஊருக்குத் தெரியும். உரக்கச் சொல்லுங்கள், எந்தச் சத்தம்?

மணி! ஆம், மணி! இந்தக் குரல் ஞாயிறன்றும் ஒலிக்கட்டும்!

தலைவி அம்மையார் கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டார்; இனி நான் பேசினால் அது அத்துமீறல். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. சரியான சமயத்தில் ஊளையிட்ட பிள்ளைகளுக்கு நன்றி. பன் ஆறிக்கொண்டிருந்தும் எழுந்து போகாத தாய்மார்களுக்குத் தனி நன்றி. கேலி செய்தாலும் இன்னும் என்னைத் தண்ணீர்க்குழாய் பழுதுபார்க்க வீட்டுக்குள் விடுகிற ஊருக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்!

இவ்வளவும் அன்று மேடையில் பேசியது. ஊர்ச் செய்தி இதழுக்கு எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், ஷஃபியும் சிரித்தான், லூட்சா எனக்கு ஒரு பன்னைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டிருந்ததால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று காலை, சாவியைத் திருகிய பிறகு, கைப்பிடியை இழுக்கும் முன், ஒரு நொடி பனி விலகியது. முதல் படகின் முனையில் நின்ற உருவத்தின் இடக் கொம்பில் செப்புக் கம்பி பளிச்சிட்டதை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் இழுத்தேன்.